வீடு கிடைச்சிடும்... குழந்தையை யார் பார்த்துப்பாங்க? கடல் தாண்டும் ராணுவக் குடும்பங்களின் முதல் 60 நாள்கள்

அதிகாலை நேரம். ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளம். அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து ராத்திரி முழுக்கப் பறந்து வந்த விமானத்திலிருந்து ஒரு குடும்பம் இறங்குது. அம்மா, அமெரிக்க விமானப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்ட். அப்பா, ஊர்ல பார்த்துக்கிட்டிருந்த வேலையை விட்டுட்டுக் கூட வந்திருக்கார். அவர் தோள்ல எட்டு மாசக் கைக்குழந்தை தூங்குது. அம்மாவின் விரலைப் பிடிச்சுக்கிட்டு மூணு வயசுப் பையன். கூடவே எட்டுப் பெட்டி.

இது உதாரணத்துக்காக நாம உருவாக்கிக்கிட்ட குடும்பம். ஆனா, இந்தத் தளத்தில் இப்படிக் குடும்பங்கள் வந்து இறங்குறது வருஷம் முழுக்க நடக்குற விஷயம்.

இப்போ அவங்க நிலைமையைப் பாருங்க. அம்மா சீக்கிரமே டியூட்டியில் சேரணும். தங்க வீடு கிடையாது. கட்டில், சோபா, பாத்திரம் எல்லாம் கப்பல்ல வருது. காரும் கப்பல்ல வருது. பாட்டி, தாத்தா, அத்தைன்னு கூப்பிட்டா ஓடி வர ஆள் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்குது: கைசர்ஸ்லவுட்டர்ன். அதனாலதான் அமெரிக்கர்கள் சுருக்கமா 'கே டவுன்'னு சொல்லிட்டாங்க.

'ராணுவமே கூட்டிட்டுப் போகுது, எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்க மாட்டாங்களா?'ன்னு கேட்கலாம். பாதி சரி. வீட்டு விஷயத்துல பணம் தர்றாங்க, உதவ ஒரு ஆபீஸே இருக்கு. ஆனா, குழந்தையைப் பார்த்துக்குற இடத்துக்கு? வரிசையில்தான் நிக்கணும். அந்த வரிசையில் எப்போ போய் நின்னோம்கிறதுதான் அடுத்த மூணு வருஷத்தோட தலையெழுத்தையே முடிவு பண்ணும்.

எதுக்கு இந்த ஊர்?

ஜெர்மனியில் சுமார் 35,000 அமெரிக்க வீரர்கள் பணியில் இருக்காங்க. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தவங்க, நேட்டோ கூட்டணியின் பகுதியா அங்கேயே தொடர்றாங்க. ராம்ஸ்டைன், லாண்ட்ஸ்டூல், ஃபோகல்வே மாதிரி கே டவுனைச் சுத்தியுள்ள இடங்களில் வீரர்கள், குடும்பத்தினர், சிவில் ஊழியர்கள்னு 50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வாழுறாங்க. கைசர்ஸ்லவுட்டர்ன் நகரத்தின் மக்கள்தொகையே ஒரு லட்சம் சொச்சம்தான். அப்போ வாடகை வீட்டுக்கும் டே கேருக்கும் எவ்வளவு போட்டி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

குடும்பத்தோட வர்றவங்களுக்குப் பணிக்காலம் பொதுவா 36 மாசம். அது முடிஞ்சா அடுத்த ஊர், அடுத்த வீடு, அடுத்த டே கேர்.

விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தொடங்குற வேலை

இடமாற்ற உத்தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக அனுமதி இருக்கான்னு. இதுக்கு 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்'னு பேர். இது இருந்தாத்தான் குடும்பத்துக்கான பயணச் செலவு, வீட்டுப் படி, பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி எல்லாம். அனுமதிக்கு முன்னாடி குடும்பத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசீலனை நடக்கும். பையனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவை, மனைவிக்குத் தொடர் சிகிச்சை தேவைன்னா, அந்த வசதி போற ஊரில் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவாங்க. இதை மறைக்கக் கூடாது. வந்த பிறகு டாக்டர் இல்லைன்னு தெரிஞ்சா, கஷ்டப்படப்போறது குழந்தைதான்.

அடுத்தது சாமான் கட்டுறது. எவ்வளவு எடைக்கு அரசு செலவு பண்ணும்கிறது பதவியைப் பொறுத்தது. குடும்பத்தோட போற ஸ்டாஃப் சார்ஜென்டுக்கு அதிகபட்சம் 9,000 பவுண்டு, அதாவது நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல. இதில் அவசரமான சின்னப் பகுதி முன்னாடியே வந்துடும். மீதி கப்பல்ல வந்து சேர வாரக்கணக்கு ஆகும், சமயத்துல ரெண்டு மாசத்தையும் தாண்டும். அனுபவசாலிகள் அந்த முதல் பார்சலில் என்ன வைப்பாங்க தெரியுமா? குழந்தையின் மடக்குக் கட்டில், போர்வை, ரெண்டு சமையல் பாத்திரம், பையனுக்குப் பிடிச்ச பொம்மை.

மூணாவதுதான் நிறைய பேர் தள்ளிப்போடுறது. அமெரிக்க ராணுவத்துக்குன்னே 'மிலிட்டரி சைல்டுகேர் டாட் காம்'னு ஒரு தளம் இருக்கு. உலகம் முழுக்க உள்ள படைத்தளங்களின் டே கேருக்கு அதில்தான் விண்ணப்பிக்கணும். ஜெர்மனியில் போய் இறங்கித்தான் பதியணும்னு இல்லை. பழைய வீட்டில் பெட்டி கட்டும்போதே பதிஞ்சுடலாம். ஒண்ணுக்கு மேற்பட்ட மையங்களையும் கேட்கலாம். பதிஞ்சுட்டு மறந்துடவும் கூடாது. 'இன்னும் இடம் வேணும்'னு அப்பப்போ உறுதிப்படுத்தணும். மெயிலில் 'இடம் இருக்கு'ன்னு வந்தா கெடுவுக்குள்ள பதில் சொல்லணும். இல்லைன்னா வாய்ப்பு அடுத்தவங்களுக்குப் போயிடும்.

முதல் வீடு... ஹோட்டல் ரூம்தான்

வந்த புதுசுல தளத்துக்குள்ள உள்ள விடுதியிலோ வெளியே ஹோட்டலிலோ தங்கணும். அந்தச் செலவுக்கு 'டி.எல்.ஏ'ன்னு ஒரு தற்காலிகத் தங்கும் படி உண்டு. அறை வாடகையோட சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் எடுத்துப்பாங்க. பொதுவா 60 நாள் வரைக்கும். ஆனா சும்மா தர மாட்டாங்க. 'இத்தனை வீடு பார்த்தேன், இதனால் சரிப்படலை'ன்னு வீடு தேடுறதுக்கான ஆதாரத்தை ஹவுசிங் ஆபீஸில் காட்டிக்கிட்டே இருக்கணும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அம்மா டியூட்டிக்குப் போயிடுறாங்க. வீடு பார்க்க வேண்டியது அப்பா. வீடுகளோ பக்கத்துக் கிராமங்களில். காரோ கப்பலில். வாடகைக் கார் எடுத்தாலும் ஓட்ட அமெரிக்கப் படைகள் தர்ற ஐரோப்பிய லைசென்ஸ் வேணும். அதுக்கு ஜெர்மன் சாலை விதிகளைப் படிச்சு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணணும். இதையெல்லாம் ஒரு கைக்குழந்தையையும் ஒரு மூணு வயசு வாலுவையும் வச்சுக்கிட்டு, அதுவும் ஒரே ஒரு ஹோட்டல் ரூமில் இருந்துக்கிட்டுச் செய்யணும்!

இதுக்குச் சின்னதா சில உதவிகள் இருக்கு. ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் யூனிட்டிலிருந்து ஒரு 'ஸ்பான்சரை' ஒதுக்குவாங்க. விமான நிலையத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறது, சிம் கார்டு வாங்கித் தர்றது, எந்தக் கடையில் பால் பவுடர் கிடைக்கும்னு சொல்றது வரைக்கும் அவர் பொறுப்பு. தளத்தில் இருக்கும் குடும்ப உதவி மையத்தில் தட்டு, குக்கர், இஸ்திரிப் பெட்டின்னு கடனா வாங்கிக்கலாம். சாமான் வந்ததும் திருப்பிக் கொடுத்தா போதும். விமானப்படைக் குடும்பங்களுக்கு 'ஏர் ஃபோர்ஸ் எய்ட் சொசைட்டி' இடமாற்ற நேரத்தில் ஒரு குழந்தைக்கு 20 மணி நேர இலவசக் குழந்தைப் பராமரிப்பு தருது. இந்த 20 மணி நேரத்தைத் தூங்கவோ ஊர் சுத்தவோ செலவழிக்காம, வீடு பார்க்கவும் லைசென்ஸ் தேர்வுக்கும் சேர்த்து வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கிச்சனே இல்லாத கிச்சன்

வீட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, தளத்துக்குள்ள இருக்கும் குவார்ட்டர்ஸ். பதவி, குடும்ப அளவைப் பார்த்து ஒதுக்குவாங்க, வரிசையும் இருக்கும். அதில் குடியிருந்தா வீட்டுப் படி கிடையாது. சில தளங்களில் குவார்ட்டர்ஸ் காலியா இருந்தா அதைத்தான் எடுத்துக்கணும்னே விதி இருக்கு.

ரெண்டாவது, வெளியே வாடகை வீடு. இதுக்கு 'ஓ.ஹெச்.ஏ'ங்கிற வெளிநாட்டு வீட்டுப் படி. அமெரிக்காவுக்குள்ள தர்ற வீட்டுப் படிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே படியைவிடக் குறைஞ்ச வாடகையில் வீடு பிடிச்சா, மிச்சம் உங்க பாக்கெட்டுக்கு. ஓ.ஹெச்.ஏ-வில் அந்தக் கதை நடக்காது. பதவிக்கும் ஊருக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும். அதுக்குள்ள உண்மையில் நீங்க கொடுக்குற வாடகை எவ்வளவோ அவ்வளவுதான் வரும். கரன்ட், தண்ணி, ஹீட்டர் செலவுக்குத் தனியா ஒரு மாதத் தொகை உண்டு. குடிபுகும் செலவுக்கும் ஒரு தடவை பணம் தருவாங்க. டாலருக்கும் யூரோவுக்கும் இடையில் மதிப்பு ஏறி இறங்கினா, படியையும் அதுக்கேத்த மாதிரி மாத்துவாங்க.

ஜெர்மன் வீட்டு விளம்பரத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழகணும். நாம 2 பி.ஹெச்.கே-ன்னா ரெண்டு பெட்ரூம்னு புரிஞ்சுப்போம். அங்கே '3 சிம்மர்'னா ஹாலையும் சேர்த்து மூணு அறை. அதாவது நம்ம கணக்கில் அதுவும் 2 பி.ஹெச்.கே-தான். 'கால்ட்மீட்டே'ன்னா வெறும் வாடகை. 'வார்ம்மீட்டே'ன்னா ஹீட்டர் உள்ளிட்ட இதரச் செலவுகளும் சேர்ந்தது. அட்வான்ஸுக்கு 'கவுட்ஸியோன்'னு பேர். சட்டப்படி மூணு மாச வெறும் வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. அந்தத் தொகை கையில் இல்லைன்னா, வீட்டுப் படியிலிருந்து முன்பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கதவைத் திறந்து பார்த்தா இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். நிறைய வீடுகளில் கிச்சன்னு ஒரு அறை இருக்கும், சிங்க், அடுப்பு, ஷெல்ஃப் எதுவும் இருக்காது. முன்னாடி குடியிருந்தவர் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பார்! சுவரோடு சேர்ந்த கப்போர்டும் பெரும்பாலும் கிடையாது. அதனால ஹவுசிங் ஆபீஸே பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரியானவற்றைக் கடனா தரும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜெர்மனியில் 230 வோல்ட். அங்கிருந்து கொண்டு வந்த மிக்ஸியை அப்படியே சொருகினா புகைதான் வரும், கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேணும். இந்த விஷயத்தில் நாம கொடுத்து வச்சவங்க, நம்மூரும் 230 வோல்ட்தான்.

வீடு பிடிச்சுப்போனாலும் உடனே கையெழுத்து போடக் கூடாது. ஹவுசிங் ஆபீஸ் வீட்டைப் பார்த்து, ஒப்பந்தத்தைப் படிச்சு, வாடகை நியாயமான்னு சொல்லணும். ஒப்பந்தத்தில் 'மிலிட்டரி க்ளாஸ்' இருக்கான்னு பார்க்கணும். திடீர்னு இடமாற்றம் வந்தா முன்கூட்டியே காலி பண்ண அதுதான் பாதுகாப்பு. குடிபோற அன்னிக்குச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் மொபைலில் போட்டோ எடுத்து வச்சுக்கணும். மூணு வருஷம் கழிச்சு அட்வான்ஸ் திரும்பி வருமா வராதான்னு அந்தப் போட்டோதான் பேசும்.

குடிபோன பிறகு அக்கம்பக்கத்து விதிகள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரில் போடுறது, புல் வெட்டுறது எல்லாம் கப்சிப். குழந்தை அழுகிற சத்தத்தை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா, குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டுப் பாருங்க, மறுநாளே கதவைத் தட்டுவாங்க.

குழந்தைக்கான வரிசை எப்படி நகருது?

தளத்தில் உள்ள டே கேருக்கு 'சி.டி.சி'ன்னு பேர். ஆறு வாரக் குழந்தையிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் சேர்த்துப்பாங்க. 1989-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டு வந்த ராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம்தான் இதன் தரத்துக்கு அடித்தளம். கட்டணம், குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைவுன்னா கட்டணமும் குறைவு. அதனாலேயே எல்லோரும் இதைத்தான் கேட்பாங்க.

அப்புறம் ஏன் இடம் கிடைக்க மாட்டேங்குது? ஒரு வயசுக்குக் கீழ உள்ள 4 குழந்தைகளுக்கு ஒரு ஊழியர் இருக்கணும். ஒண்ணு முதல் ரெண்டு வயசுன்னா 5 பேருக்கு ஒருத்தர். ரெண்டு முதல் மூணுன்னா 7 பேருக்கு. மூணு வயசுக்கு மேல 12 பேருக்கு. ஊழியர்கள் கம்மியானா அறையையே மூட வேண்டிவரும். நம்ம உதாரணக் குடும்பத்தில் மூணு வயசு அண்ணனுக்கு இடம் சீக்கிரம் வரலாம். எட்டு மாசத் தம்பிக்கு மாசக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஒரு குழந்தை சேர்ந்தாலும் இன்னொண்ணு கையில இருக்கிற வரைக்கும் அப்பா வேலைக்குப் போக முடியாது.

இதைவிடப் பெரிய முடிச்சு ஒண்ணு இருக்கு. வரிசையில் எல்லோரும் சமம் இல்லை. டே கேரில் குழந்தைகளைப் பார்த்துக்குற ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முதல் இடம். அப்புறம் தனியாகக் குழந்தை வளர்க்கும் வீரர்கள், கணவன் மனைவி ரெண்டு பேரும் படையில் இருப்பவங்க, துணைவர் முழுநேர வேலையில் இருப்பவங்க. வேலை தேடிக்கிட்டு இருக்கும் துணைவர் இவங்களுக்கெல்லாம் பின்னாடி. நம்ம அப்பாவோ இடமாற்றத்துக்காகவே வேலையை விட்டவர். வேலை இல்லாததால் வரிசையில் பின்னாடி. வரிசையில் பின்னாடி இருப்பதால் வேலைக்குப் போக முடியலை. 2021-ல் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை எடுத்த கணக்கெடுப்பில், ராணுவத்தினரின் துணைவர்களில் வேலையின்மை 21 சதவிகிதம். ஊர் மாறுறதும் குழந்தைப் பராமரிப்பும்தான் இதுக்கு முக்கியமான காரணங்கள்.

முடிச்சை அவிழ்க்க என்ன வழி?

முதல் வழி, 'எஃப்.சி.சி'ங்கிற வீட்டு டே கேர். முறையான பயிற்சியும் பின்னணிப் பரிசோதனையும் முடிச்ச ஒருத்தர், தன் வீட்டிலேயே ஆறு குழந்தைகள் வரைக்கும் பார்த்துப்பார். பெரும்பாலும் அவரும் ஒரு வீரரின் மனைவியாவோ கணவராவோ இருப்பார். நைட் ஷிப்ட் வேலைக்குத் தக்கபடி நேரம் பேசிக்கவும் வாய்ப்பு அதிகம்.

ரெண்டாவது, அப்பாவே டே கேரில் வேலைக்குச் சேர்றது. ஊழியர் பற்றாக்குறை இருக்கிற இடம்கிறதால விண்ணப்பத்துக்கு வரவேற்பு இருக்கும். பிள்ளைகளுக்கு வரிசையில் முதல் இடம், கட்டணச் சலுகையும் உண்டு. அடுத்த ஊரிலும் இதே வேலையைத் தொடரலாம். எல்லோருக்கும் பிடிச்ச வேலையா இருக்கணும்னு இல்லை. ஆனா, முடிச்சு அவிழ்ற இடம் இது.

மூணாவது, தளத்துக்கு வெளியே ஜெர்மன் 'கீட்டா'. கிண்டர்கார்டன்ங்கிற வார்த்தையே இந்த நாட்டில் பிறந்ததுதான். 1840-ல் ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் அந்தப் பேரில் தொடங்கினது, இப்போ நம்ம ஊர் எல்.கே.ஜி, யு.கே.ஜி வரைக்கும் வந்திருக்கு. கே டவுன் இருக்கும் ரைன்லாண்ட் ஃபால்ஸ் மாநிலத்தில் ரெண்டு வயசு முடிஞ்ச குழந்தைகளுக்கு கீட்டாவில் கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டணும். பையன் மூணு மாசத்தில் ஜெர்மன் பாட்டு பாட ஆரம்பிச்சுடுவான். ஆனா, இங்கேயும் இடத்துக்குப் போட்டி இருக்கு. இடம் கிடைச்சாலும் முதல் நாளே விட்டுட்டு வர முடியாது. 'ஐன்கெவோனுங்'னு ஒரு பழகும் காலம் உண்டு. முதல்ல அப்பாவோ அம்மாவோ கூடவே உட்காரணும். அப்புறம் பத்து நிமிஷம், அரை மணி நேரம்னு மெதுவா விலகணும். இதுக்குச் சில வாரம் ஆகும். வேலைக்குச் சேர்ற தேதியைச் சொல்றதுக்கு முன்னாடி இந்த வாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கணும்.

அஞ்சு வயசைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அமெரிக்கப் பாதுகாப்புத்துறையே ஜெர்மனியில் பள்ளிகள் நடத்துது. தளத்துக்கு வெளியே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் வரும். ஆனா, எந்த வீட்டு முகவரிக்கு எந்தப் பள்ளின்னு ஒரு எல்லைக்கோடு இருக்கும். ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

எது முதல்ல?

பெரும்பாலான குடும்பங்கள் முதல்ல வீட்டைத் தேடி, குடியேறி, அதுக்கப்புறம்தான் டே கேரைப் பற்றி யோசிக்கிறாங்க. அது தலைகீழ். வீட்டுக்குப் படி இருக்கு, ஆபீஸ் இருக்கு, 60 நாள் அவகாசம் இருக்கு. பத்து வீடு கைநழுவினாலும் பதினோராவது வரும். டே கேர் வரிசையில் இழந்த ரெண்டு மாசத்தை எந்தப் படியாலும் திருப்பி வாங்க முடியாது.

அதனால, உத்தரவு கைக்கு வந்த வாரமே குழந்தைக்குப் பதியுங்க. டே கேர், வீட்டு டே கேர், கீட்டா மூணிலும் பேர் இருக்கட்டும். எங்கே இடம் கிடைக்கும்னு ஓரளவு தெரிஞ்ச பிறகு அந்தப் பக்கமா வீடு பாருங்க. மலையோரக் கிராமத்தில் தோட்டத்தோட கிடைக்குற பெரிய வீடு அழகாத்தான் இருக்கும். ஆனா பனிக்காலக் காலையில், ஒரே காரில், அம்மாவை டியூட்டிக்கும் ரெண்டு பிள்ளைகளை ரெண்டு இடத்துக்கும் கொண்டுபோய் விடணும்னா, அந்த 25 நிமிஷத் தூரம் தினமும் வாட்டும்.

இது ராணுவத்துக்கு மட்டும்தானா? ஐ.டி வேலைக்காக மனைவி, குழந்தையோட ஜெர்மனி போற நம்மூர் ஆட்களுக்கும் கிச்சன் இல்லாத வீடு, மூணு மாச அட்வான்ஸ், கீட்டா வரிசை எல்லாம் இதேதான். வித்தியாசம், அவங்களுக்கு ஹவுசிங் ஆபீஸ் கிடையாது. ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொல்லவும், கடனா தட்டு கொடுக்கவும் முன்னாடியே போன ஒரு நண்பர்தான் இருப்பார். கூடவே வேலையை விட்டுட்டுப் போற துணைவரின் கதையும் ஒண்ணுதான். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்'னு சொல்றதுக்கு முன்னாடி, டே கேர் வரிசை எவ்வளவு நீளம்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.

நம்ம உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். எல்லாம் ஓரளவு சரியா நடந்தா, ஒரு நாள் கப்பல் சாமான் வந்து சேரும். அப்பா கடன் வாங்கின தட்டையும் குக்கரையும் துடைச்சு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொடுப்பார். அண்ணன் ஏற்கெனவே டே கேரில். தம்பிக்கு இன்னும் அழைப்பு வரலை, மெயிலைத் தினமும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த மாசம் யூனிட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வருதாம். ஸ்பான்சரா போகப் போறது அம்மா. அந்தக் குடும்பத்துக்கு இப்பவே ஒரு மெசேஜ் அனுப்பியாச்சு: 'முதல்ல குழந்தைங்க பேரைப் பதிஞ்சுட்டீங்களா?'